ஹேங் ஆகும் கம்ப்யூட்டரை உடனே பார்மட் செய்யாதீர்கள்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கம்ப்யூட்டருக்குப் பல வேலை. தொழிலின் பில்லும் கணக்கும், பிள்ளைகளின் படிப்பும், ஆதார், பான், ஊர் நிலப் பத்திரத்தின் நகலும் அதற்குள்தான் கிடக்கின்றன. அது திடீரென்று சில விநாடி ஹேங் ஆகி, தானாகவே மறுபடி ஓடத் தொடங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொல்லை முற்றியபின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், ‘பார்மட் பண்ணிடலாம்’ என்ற பதில் முந்திக்கொண்டு வருகிறது. காரணம் தெரியுமுன் செய்யும் பார்மட், பழுதின் தடயத்தையும் அழிக்கிறது, காப்பாற்றியிருக்கக்கூடிய கோப்புகளையும் நம் கையைவிட்டுப் போகச் செய்கிறது. வேண்டாம் என்று மறுத்து, முதலில் காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரிடம் கெட்டுப்போனால் டிஸ்க் உடனே கைவிரித்துவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். மவுஸ் நகரும், எதுவும் திறக்காது. படித்து முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். இந்தத் தோற்றம்தான் ஆபத்து, ஏனென்றால் கெட்ட இடங்கள் பெருகிக்கொண்டே போகலாம். ஆகவே பழுது பார்ப்பதற்கு முன்பே முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுத்துவிட வேண்டும். அதன்பின் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹேங் ஆகும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, படிக்கும் வேகம் மட்டும் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் அதே நேரத்தில் விழுந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி நேரும் என்பதால், அதை மாற்றிப் பார்ப்பது மலிவான முதல் சோதனை. டிஸ்க்தான் கெட்டது என்றால் பார்மட்டால் அது குணமாகாது.

டிஸ்க் நன்றாக இருந்தால்? 4 ஜிபி ரேமில் பிரவுசரின் பல பக்கங்களைத் திறந்து வைப்பது, ஃபேனில் தூசி அடைத்துப் பிராசஸர் சூடேறுவது என்று எளிய காரணங்கள் உண்டு. எளிதில் தெரியாதவையும் உண்டு. ரைசன் பிராசஸர் உள்ள சில கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது திக்குவதற்கு மதர்போர்டின் பாதுகாப்பு ஃபர்ம்வேர்தான் காரணம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட்டைத் தீர்வாகச் சொன்னது. அந்தக் கம்ப்யூட்டரைப் பத்து முறை பார்மட் செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

சின்னக் கடைக்காரருக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான்; அவர் பிழைப்பு நாளொன்றுக்கு எத்தனை வேலை முடிகிறது என்பதில் இருக்கிறது. ஆனால் காரணத்தையும், மாற்றிய பாகத்தையும், டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தர ஐந்து நிமிடம் போதும். பில் கேட்டால் ஜிஎஸ்டி சேரும் என்பது அடுத்த சமாதானம். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சிறு கடையும் வரியில்லாத சாதாரண பில் தரலாம். செய்த சேவைக்குப் பில் தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. கடைக்காரரோடு தகராறு வந்தால், இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் கோர்ட்டுக்கு அலைவது என்பதுதான் பலரையும் தடுக்கும் கேள்வி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பல தகராறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கையில் பில் இல்லாதவருக்குத்தான் இந்தப் பாதை கடினம்.

கம்ப்யூட்டர் தடுமாறும்போது வரும் பயத்தைக் காசாக்கும் கும்பல்களும் இருக்கின்றன. திரை முழுக்க வைரஸ் எச்சரிக்கை வரும், கீழே ஒரு போன் எண் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்கவே இருக்காது. இப்படிப்பட்ட போலி உதவி மையங்கள் மீது மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய ‘ஆபரேஷன் சக்ரா-2’ சோதனைகளுக்குக் காரணமாயின. ஏமாந்து, கம்ப்யூட்டரை இயக்க அனுமதி கொடுத்துவிட்டால் இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போகும் பணம் நம் பொறுப்பு, தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் பணம்.

டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமாக பார்மட் செய்த டிஸ்க்கிலிருந்தும் கோப்புகளைப் பல நேரம் மீட்டெடுக்க முடியும். அதை விட்டுவிட்டு வந்தால், உங்கள் ஆதார் நகலோடு அது எந்தக் கைக்குப் போகிறது என்று தெரியாது. அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு ஒருவர் அதிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனாலும் யார் எடுத்தார் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.