திறனடிப்படை விமானி பயிற்சி

திறனடிப்படை விமானி பயிற்சி என்பது, விமானி ஒருவர் எத்தனை மணி நேரம் பறந்துள்ளார் என்பதைக் காட்டிலும், பணியின்போது எவ்வாறு செயல்படுகிறார் என்பதை அளவுகோலாகக் கொண்ட பயிற்சி முறை ஆகும். வணிக விமான நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவுகள் இதனை வகுத்து நடத்துகின்றன.

பின்னணி

விமான நிறுவனங்களில் பணிபுரியும் விமானிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சிமுலேட்டரில் சோதிக்கப்படுகின்றனர். பழைய முறையில் இச்சோதனை பெரும்பாலும் ஒரே பட்டியலைக் கொண்டிருந்தது. மேலெழும்பும் தறுவாயில் எந்திரம் ஒன்று செயலிழக்கும் பயிற்சி அதில் முதன்மையானது. என்ன நேரும் என்பதை விமானி முன்கூட்டியே அறிந்திருப்பார். எந்திரங்களின் நம்பகத்தன்மை உயர்ந்த பின்னர், விபத்துகள் இப்பட்டியலுக்கு வெளியே நிகழத் தொடங்கின.

2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்ததில் 158 பேர் இறந்தனர். விமானத்தில் கோளாறு இல்லை. தரையிறங்கும் முயற்சியைக் கைவிடுமாறு துணை விமானி மூன்று முறை கூறியும் தலைமை விமானி தொடர்ந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது. 2020 ஆகத்து 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் தரையிறங்கிய அதே நிறுவனத்தின் விமானம், 8,858 அடி நீள ஓடுதளத்தில் 4,438 அடி கடந்தே தரையைத் தொட்டது. மீண்டும் மேலெழுமாறு துணை விமானி அப்போதும் கூறியிருந்தார். 21 பேர் இறந்தனர். இரு நிகழ்வுகளிலும் குறைவுபட்டது விமானத்தை இயக்கும் கைத்திறன் மட்டுமன்று. ஒருவர் கூறுவதை மற்றவர் ஏற்பதும், ஏற்காதபோது கட்டுப்பாட்டைத் தாமே எடுத்துக்கொள்வதும் அங்கு நிகழவில்லை. மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்கும் சமூகத்தில் இத்திறன் தானே வந்துவிடாது, கற்பிக்கப்பட வேண்டியதாகும்.

திறன்களும் மதிப்பீடும்

பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 2006இல் திறனடிப்படையில் அமைந்த பல்குழு விமானி உரிமத்தை அறிமுகப்படுத்தியது. பணியிலுள்ள விமானிகளுக்கான சான்றடிப்படைப் பயிற்சிக் கையேட்டை 2013இல் வெளியிட்டது. இன்று பொதுவாக ஒன்பது திறன்கள் குறிப்பிடப்படுகின்றன: நடைமுறைகளைப் பின்பற்றல், தகவல் பரிமாற்றம், தானியங்கி வழியாகப் பறப்புப் பாதையை மேலாளுதல், கைவழியாக மேலாளுதல், தலைமைப் பண்பும் கூட்டுப்பணியும், சிக்கல் தீர்த்து முடிவெடுத்தல், சூழல் அறிதல், பணிச்சுமை மேலாண்மை, அறிவைப் பயன்படுத்தல்.

ஒவ்வொரு திறனும் கண்ணால் காணக்கூடிய செயல்களாகப் பிரிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, "தகவல் பரிமாற்றத்தில் வல்லவர்" என்று எழுதினால் போதாது. கேட்பவர் புரிந்துகொண்டாரா என்று உறுதி செய்தாரா, ஐயம் எழுந்தபோது வினவினாரா என்பனவற்றைப் பயிற்றுநர் கவனித்து மதிப்பெண் அளிக்கிறார். ஐந்து படிநிலைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

பயிற்சித் தலைமை

இத்திட்டத்திற்குத் தலைமை தாங்குபவரின் கடினமான பணி பயிற்றுநர்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதாகும். ஒரே பறப்பின் ஒளிப்பதிவைப் பல பயிற்றுநர்களுக்குக் காட்டி, தனித்தனியே மதிப்பிடச் செய்து, ஒருவர் நான்கும் மற்றொருவர் இரண்டும் அளித்தது ஏன் என்று விவாதிப்பர். மதிப்பெண்கள் ஒத்துப்போகாவிடில் திரட்டப்படும் தரவுகளுக்குப் பொருளில்லை. குறைகள் தண்டனைக்குரியனவாகக் கருதப்பட்டால் விமானிகள் அவற்றை மறைப்பர் என்பதும் தலைமையின் கவனத்திற்குரியது.

இந்தியாவும் கரிசல் நிலமும்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரப் பறப்பு தேவை. தொடக்கநிலை இன்றும் மணிக்கணக்கிலேயே அளக்கப்படுகிறது. ஏர் இந்தியா 2023இல் தன் விமானிகளுக்குத் திறனடிப்படைப் பயிற்சியைத் தொடங்கியது. மகாராட்டிரத்தின் அமராவதியில் பறப்புப் பள்ளி அமைப்பதாக 2024இல் அறிவித்தது. அமராவதி, கோவில்பட்டியைப் போன்றே பருத்தி விளையும் கரிசல் பூமி.

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியருகே தனியாருக்குச் சொந்தமான பழைய ஓடுதளம் ஒன்று உண்டு. அங்குப் பறப்புப் பயிற்சி நிறுவனம் அமைக்க டிட்கோ 2020களில் முயற்சி மேற்கொண்டது. மழை குறைந்த இவ்வட்டாரத்தில் பறப்பதற்கேற்ற நாள்கள் மிகுதி. ஆனால் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் ஓடுதளத்தின் அடித்தளத்திற்குத் தனிக் கவனம் தேவை. தென்மேற்குப் பருவத்தில், அருகிலுள்ள கயத்தாற்றின் காற்றாலைகளைச் சுழற்றும் பலத்த காற்று, பயிற்சி விமானங்களையும் சோதிக்கும்.