குரலைக் காத்த கூட்டம்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில், காலைப் பூசை வேளையில் என் பெரியப்பாவின் தேவாரம் ஒலிக்காத நாள் அரிது. கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, நெடுங்காலம் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். சொத்தென்று அவரிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றே. மாலையில் ஒரு சுருட்டு, அவர் விடமாட்டாத பழக்கம்.

மூன்றாண்டுகளுக்கு முன் அக்குரல் கம்மத் தொடங்கியது. தடிமன் என்று கருதிக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். இரண்டு மாதமாகியும் கம்மல் தீரவில்லை. பரிசோதித்த வைத்தியர் தொண்டையிலிருந்து சிறு துண்டொன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். குரல்வளையில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. குரல்வளையை முழுவதும் அகற்ற நேரலாம் என்றார் அவர். அவர் சொன்னதில் பிழையில்லை. நெடுங்காலமாக நிலைபெற்ற வழி அது. ஆனால் அன்றிரவு பெரியப்பா என்னைப் பார்த்து, "தம்பி, உயிர் தப்பும், சரி. பிறகு காலமையில கோயிலுக்குப் போய் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

பின்னர் மகரகமைக்குச் சென்றோம். நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலையாகிய அதற்கு இன்று 'அபேக்‌ஷா' என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பது பொருள். தேர்தற் காலத்தில் நாம் வழங்கும் 'அபேட்சகர்' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. சிகிச்சை எதுவென்று முடிவு செய்யுமுன் பல துறை வைத்தியர்களும் கூடி ஆராய்வார்கள் என்று அங்கே எமக்குக் கூறப்பட்டது.

இவ்வழக்கம் எப்படி எழுந்தது? 1895இல் றொன்ற்கன் ஊடுகதிரைக் கண்டார்; 1898இல் கியூரி தம்பதியர் றேடியத்தைக் கண்டனர். அவற்றின் பின் புற்றுநோய்க்குக் கத்தியோடு கதிரும் மருந்தாயிற்று. ஆயினும் நோயாளி முதலில் எந்தக் கதவைத் தட்டினாரோ, பெரும்பாலும் அதுவே அவர் சிகிச்சையைத் தீர்மானித்தது. 1995இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் தலைமை வைத்திய அதிகாரிகளான கால்மன், ஹைன் ஆகிய இருவரும் வெளியிட்ட அறிக்கை, புற்றுநோய்ச் சிகிச்சையைப் பல துறையினரும் சேர்ந்த குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்று பல நாடுகளில் அதுவே முறை.

எங்கள் கூட்டம் நடந்த அறைக்குள் நானும் செல்லவில்லை, பெரியப்பாவும் செல்லவில்லை. கதிர்ச்சிகிச்சை வைத்தியர் பின்னர் பொறுமையாக விளக்கியதைக் கொண்டே எழுதுகிறேன்.

முதலில் நோயியல் நிபுணர் அது எவ்வகைப் புற்று என்பதை உறுதிசெய்தாராம். படங்களைப் படிக்கும் வைத்தியரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: கட்டி குரல்வளையின் குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிவிட்டதா? ஆம் என்றால் சத்திரசிகிச்சையே பெரும்பாலும் சிறந்த வழி. இல்லை என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் இன்னொரு கதவு திறந்தது.

அக்கதவின் கதை 1991இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் முன்னாட் போர்வீரர்களுக்கான வைத்தியசாலைகளில் 332 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்குக் குரல்வளையை அகற்றிப் பின் கதிர் கொடுத்தனர். மறு சாராருக்கு மருந்தும் கதிரும் கொடுத்தனர். ஈராண்டின் பின் இரு சாராரிலும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 68 பேர். மருந்தும் கதிரும் பெற்றோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குரல்வளையோடிருந்தனர். இரண்டையும் ஒருங்கே கொடுத்தால் குரல்வளையைக் காக்கும் வாய்ப்பு இன்னும் கூடும் என்று 2003இல் வேறோர் ஆய்வு காட்டியது.

ஆனால் ஆய்வின் விடை எல்லார்க்கும் பொருந்துவதில்லை. சிஸ்பிளாட்டின் என்னும் அம்மருந்து சிறுநீரகத்தை வருத்தும். ஆகவே இரத்தப் பரிசோதனையைப் பார்த்தனர். கதிர் பட்ட தாடையெலும்பு எளிதில் ஆறாது. ஆகவே சொத்தைப் பற்களை முன்னரே பிடுங்க வேண்டும் என்றார் பல் வைத்தியர்.

அப்போது அங்கிருந்த தாதி இரண்டு செய்திகளைச் சொன்னாராம். முதல் நாள் பெரியப்பாவோடு கதைத்திருந்தவர் அவர். "இவர் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். வயதான மனைவியோடு கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறார்" என்றாராம். முதற் செய்தி குரலின் விலையைச் சொல்லிற்று. இரண்டாவது, வேறொரு கவலையை எழுப்பிற்று. கதிர்ச்சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், மொத்தம் 35 தடவை. தொண்டைப் புற்றுக்கு இடையிடையே நாள் தவறினால் பயன் குறையும். சோர்ந்த முதியவர் புறக்கோட்டையில் பஸ் மாறி நாள்தோறும் வந்து போவாரா?

அதனாலேயே வைத்தியர் என்னை அழைத்துக் கேட்டார். அன்றே பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அங்கிருந்து மகரகமை அவ்வளவு தூரமில்லை.

அந்த ஏழு வாரங்களை இலேசாகச் சொல்லிவிட முடியாது. தலை அசையாதிருக்க முகத்துக்கு வார்த்த கவசத்தை மேசையோடு பிணைப்பார்கள். நான்காம் வாரத்தில் கஞ்சியும் இறங்கவில்லை. ஒருநாள், "இனி ஏலாது" என்று எழுதிக் காட்டினார். நாளொன்றும் தவறவிடாமற் கூட்டிச்சென்றேன்.

இன்று நோயின் அடையாளம் காணப்படவில்லை. எனினும் தவறாது பரிசோதனைக்குச் செல்கிறார். வாய் உலர்கிறது, தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கையில். குரல் பழைய குரலன்று. சுருதியைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பதிகத்தை இருமுறை நிறுத்திப் பாடுகிறார். சுருட்டு மட்டும் இல்லை.

வேறொருவருக்கு அதே கூட்டம் குரல்வளையை அகற்றவே தீர்ப்பளித்திருக்கலாம். அதுவும் சரியான தீர்ப்பாயிருந்திருக்கும். அறிஞர் பலர் கூடுவதால் மட்டும் முடிவு நல்லதாகிவிடுவதில்லை. நோயைப் படத்திற் காணலாம். நோயாளியின் வாழ்வை யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றிக் காண முடியாது. ஆகவே வாசகர்களே, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் காட்டத் தயங்காதீர்கள். வைத்தியரிடம் நோயை மட்டுமன்றி, உங்கள் தொழிலையும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும், எதை இழக்க மனமில்லை என்பதையும் சொல்லுங்கள். உங்களைப் பற்றி முடிவு செய்யும் மேசையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். உங்கள் சொல்லாவது இருக்கட்டும்.