எமல்ஷன் பார்க்கும் கறுப்பு

தைப்பூசம் நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் டி-சட்டை அடிப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பவர்கள், தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள், காவடிக் குழு, உறுமி மேளக் குழு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டை வேண்டும். மஞ்சள் துணியில் சிவப்பு வேல், நெஞ்சில் 'முருகன் துணை', முதுகில் குழுவின் பெயர். அடுத்த முறை அப்படியொரு சட்டை கையில் கிடைத்தால் எழுத்தின் புள்ளிகளைப் பாருங்கள். 'முருகன்' கடைசிப் புள்ளியோடு இருக்கிறாரா, 'முருகன' என்று நிற்கிறாரா? 'ணை'யின் சுழிகள் திறந்திருக்கின்றனவா, மை அடைத்துக் கிடக்கின்றனவா? அந்தப் பட்டறையில் ஃபிலிம் எப்படி எடுக்கிறார்கள் என்பதை இதை வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அடிப்படை எளிமையானது. மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலை. அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, இருட்டில் காய வைக்கிறார்கள். அடிக்க வேண்டிய படத்தைக் கறுப்பாகத் தாங்கிய தெளிந்த ஃபிலிமை அதன்மேல் வைத்து ஒளி காட்டுகிறார்கள். இந்த ஃபிலிமுக்குத்தான் பாசிட்டிவ் என்று பெயர். கறுப்பு மறைத்த இடத்தில் எமல்ஷன் இறுகாமல் இருக்கும். தண்ணீர் அடித்தால் கரைந்து வழி திறக்கும். மற்ற இடமெல்லாம் இறுகி அடைத்துக்கொள்ளும். திறந்த வழியில் ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் துணியில் படம் விழும்.

இதில் எழுத்தின் புள்ளிக்கும் சுழிக்கும் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. புள்ளி என்பது ஃபிலிமில் ஒரு சிறு கறுப்பு வட்டம். அந்தக் கறுப்பு வழியாக ஒளி கசிந்தாலோ, ஓரத்தில் நுழைந்தாலோ, அடியில் உள்ள எமல்ஷன் இறுகிவிடும், கழுவினாலும் திறக்காது, சட்டையில் புள்ளி விழாது. சுழியின் உள்வெளி இதற்கு நேர் எதிர். அங்கே எமல்ஷன் ஒரு சிறு தீவாக இறுகி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒளி போதாவிட்டால் தீவு கழுவும்போதே போய்விடும். 'ண'வின் வயிற்றில் மை நிறைந்துவிடும். புள்ளியைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்தால் சுழி போகிறது. சுழிக்காகக் கூட்டினால் புள்ளி போகிறது. ஃபிலிமின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருந்தால் மட்டும் ஒளியைத் தாராளமாகக் காட்டி இரண்டையும் காப்பாற்றலாம். பிரிண்டர், மை, ஃபிலிம் எல்லாவற்றையும் இந்த ஒரு தேவையை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் யாருக்குக் கறுப்பு? நம் கண்ணுக்கா, எமல்ஷனுக்கா? எமல்ஷன் விழித்துக்கொள்வது ஏறக்குறைய 350 முதல் 420 நானோமீட்டர் அலைநீளத்தில். அதாவது புற ஊதாவும் அதை ஒட்டிய ஊதாவும். நம் கண் அந்தப் பகுதியில் கிட்டத்தட்டக் குருடு. எனவே நமக்குக் கரியாகத் தெரியும் மை எமல்ஷனுக்கு வெறும் சாம்பல் திரையாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் படங்களைக் கத்தியால் வெட்டி எடுத்த ரூபிலித் என்ற ஃபிலிம் நல்ல சிவப்பு. அதன் வழியே எதிரில் இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் நீலத்தையும் புற ஊதாவையும் அது விடாது. எமல்ஷனைக் கேட்டால் அதுதான் கறுப்பு என்று சொல்லும். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லின் வரைபடமும் ரூபிலித்தில் கையால் வெட்டப்பட்டதுதான்.

கறுப்பின் வலிமையை அடர்த்தி என்ற எண்ணால் சொல்வார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கடக்கும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 3க்குக் குறையாத கறுப்பு இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். அதையும் புற ஊதாவில் அளந்திருக்க வேண்டும். பழைய வெள்ளி உப்பு ஃபிலிம்கள் 4ஐ அநாயாசமாகத் தொட்டன. வடிவமைப்பை டிஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்படிப்பட்ட ஃபிலிமை அடித்துத் தரும் அவுட்புட் கடைகள் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தன. அவை பிழைத்தது ஆஃப்செட் அச்சகங்களை நம்பி. ஆஃப்செட்காரர்கள் ஃபிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கத் தொடங்கியதும் அவுட்புட் கடைகள் மூடப்பட்டன. ஸ்கிரீன் பிரிண்டிங்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து ஒப்பேற்றிய காலம் அது. இன்னும் முழுக்க முடியவில்லை. டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுப்பது, சாதா தாளில் அடித்துச் சமையல் எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்வது எல்லாம் பெரிய எழுத்துக்கும் ஒற்றை நிறத்துக்கும் போதும். கல்யாணப் பத்திரிகை, பைகள் என்று இதிலேயே காலம் தள்ளியவர்கள் உண்டு. ஆனால் லேசர் டோனரின் கறுப்பில் ஊசித் துளைகள் ஏராளம். விளக்குக்கு முன்னால் பிடித்தால் தெரியும். டோனரை உருக்கும் சூட்டில் தாளும் ஃபிலிமும் சற்றுச் சுருங்குகின்றன. மூன்று நிற வேலையில் ஒரு ஃபிலிம் அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் மயிலின் கண் மயிலுக்கு வெளியே போய்விடும்.

ஆகவே இங்க்ஜெட். இதில் இரண்டு குலம் உண்டு. கேனன், ஹெச்.பி. போன்றவற்றில் மை நுண்குழாயில் சட்டென்று சூடாகிக் குமிழி வெடித்துத் துளியை வெளியே தள்ளுகிறது. 1977இல் கேனன் ஆய்வகத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒரு மை ஊசியில் தவறிப் பட்டு மை பீறிட்டதே இதற்குத் தொடக்கம் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. எப்சனில் சூடு கிடையாது. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ படிகம் மையை அழுத்தித் தள்ளுகிறது. மையைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்பதால் வேற்று மைகளை அந்தத் தலை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. துளியின் அளவையும் கூட்டிக் குறைக்க முடிகிறது. ஃபிலிம் எடுப்பவர்கள் உலகம் முழுக்க எப்சன் பக்கம் சாய்ந்ததற்கும், ஃபிலிமுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் அதை நம்பியே எழுதப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

நம் வட்டாரத்துக்கு வந்தது டாங்க் வைத்த பிரிண்டர். கார்ட்ரிட்ஜ் மையின் விலை தாங்காமல், வெளியே புட்டி வைத்துக் குழாய் சொருகி ஓட்டுவது இந்தப் பகுதி நாடுகளில் வழக்கமாக இருந்தது. அதைப் பார்த்த எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தானே டாங்க் வைத்த பிரிண்டரை இறக்கியது. பின்னர் வந்த எல்1800 ஆறு நிறம், ஏ3+ அளவு, மிகச் சிறிய துளி 1.5 பிகோலிட்டர். ஃபிலிம் வேலைக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. இப்போது அது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. எல்18050 அந்த இடத்தில் இருக்கிறது. ஏ3+ என்பது 329க்கு 483 மி.மீ. நெஞ்சின் ஓரத்தில் சின்னம் மட்டும் அடிப்பவருக்கு ஏ4 போதும். முதுகு நிறைய வேல் அடிப்பவருக்கு 210 மி.மீ. அகலம் காணாது, இரண்டு ஃபிலிமை ஒட்டுவது தொல்லை. முதலிலேயே ஏ3 வாங்கிவிடுவது நல்லது.

கேனன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பல மாடல்களில் இரண்டு கறுப்பு உண்டு: நிறமிக் கறுப்பு, சாயக் கறுப்பு. தாள் வகையில் போட்டோ தாள் என்று தேர்ந்தெடுத்தால் நிறமிக் கறுப்பை அது தொடவே தொடாது. சாயத்தை மட்டும் கொண்டு அடிக்கும். ஃபிலிம் ஏன் வெளுத்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் இந்த அமைப்பைப் பார்த்துவிடலாம்.

நிறமி, சாயம் என்ற வேறுபாடு இங்கேதான் முக்கியம். நிறமிக் கறுப்பு என்பது கரித்துகள். கரி எந்த ஒளியையும் விடாது, புற ஊதா உட்பட. ஆனால் துகள் ஃபிலிமின் மேற்பரப்பிலேயே தங்குவதால், பொருந்தாத ஃபிலிமில் விரல் பட்டாலே உரிந்துவிடும். பிரிண்டரைச் சும்மா போட்டு வைத்தால் தலையும் அடைக்கும். சாயம் ஃபிலிமின் பூச்சுக்குள் ஊறிச் சீராகப் படியும். ஆனால் சாயம் ஒளியில் தனக்குப் பிடித்த அலைநீளங்களை மட்டுமே விழுங்கும். போட்டோவுக்கென்று செய்த சாயக் கறுப்பு புற ஊதாவை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்காகவே புற ஊதாத் தடுப்பான் சேர்த்த ஃபிலிம் சாய மை தனியாக விற்கிறார்கள். வாங்கும்போது புட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு டாங்கிலும் அதே கறுப்பை ஊற்றி, பிரிண்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக மையையும் புள்ளிகளையும் நாமே கட்டுப்படுத்த உதவும் ரிப் மென்பொருள் மூலம் எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஃபிலிம் எடுக்கும் பட்டறைக்கு அது சரி. வீட்டில் வைத்து அடிப்பவர் போட்டோவும் எடுக்கும் பிரிண்டரை இப்படி மாற்றினால் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

ஃபிலிம் என்பது 100 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர் தாள்; ஒரு பக்கம் நுண்துளைகள் கொண்ட பூச்சு. மை அந்தத் துளைகளில் புகுந்து நிற்கிறது. ஈர விரலால் இரு பக்கமும் தொட்டால் ஒட்டுகிற பக்கம் பூச்சுப் பக்கம். சற்றுப் பால் நிறமாக இருப்பது குறையில்லை, பூச்சின் இயல்பு. ஓஎச்பி தாள்கள் என்று பழைய எழுதுபொருள் கடையில் கிடப்பவற்றை விலை குறைவு என்று வாங்கினால் மை குளம் கட்டும், அல்லது பிரிண்டரின் சிறு பற்சக்கரங்கள் ஈரக் கறுப்பின்மேல் ஓடிக் கீறிவிடும். அந்தக் கீறல் வழியே ஒளி இறங்கும்.

இன்னொரு சின்னச் செய்தி. ஃபிலிமைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அடிக்க வேண்டியதில்லை. நேராக அடித்து, மைப் பக்கம் எமல்ஷனைத் தொடும்படி சட்டத்தின் துணிப் பக்கத்தில் வைத்தால் கணக்கு சரியாக வரும். மைப் பக்கம் மேலே இருந்தால் ஃபிலிமின் கன அளவுக்கு ஓர் இடைவெளி உண்டாகி, ஒளி அதில் சாய்வாக நுழைந்து முதலில் புள்ளிகளைத்தான் தின்னும்.

கோலாலம்பூரின் காற்று இந்தத் தொழிலுக்குத் தனிப் பகை. ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நவம்பர் மழைக்காலம், தைப்பூச வேலை சூடுபிடிப்பது அதன் வாலில். திறந்து வைத்த ஃபிலிம் உறை காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால், அடித்த மை காயாமல் பிசுபிசுக்கும். ஃபிலிமை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். இதைவிட மோசமானது எமல்ஷனில் தங்கும் ஈரம். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் இருந்தால் ஒளி பட்டும் இறுகாது, கழுவும்போது பொத்தல் விழும். ஃபிலிம் சரியில்லை என்று எல்லோரும் ஃபிலிமைத் திட்டுவார்கள். காய வைக்கும் அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்குவது, புதுப் பிரிண்டர் வாங்குவதைவிடப் பல பட்டறைகளுக்கு அதிகப் பலன் தரும். மொட்டை வெயிலில் சட்டத்தை வைத்து ஒளி காட்டும் வழக்கமும் இங்கே சரிவராது. மேகம் ஒன்று கடந்தால் கணக்கு தப்பிவிடும்.

கறுப்பைச் சோதிக்க அளவிடும் கருவி எல்லோரிடமும் இருக்காது. நோட்டுச் சோதிக்கும் 395 நானோமீட்டர் ஊதா டார்ச் ஒன்று போதும். முழுக் கறுப்பாக ஒரு சதுரம் அடித்து அதை டார்ச்சின் வாயில் இறுக்கி மூடி, இருட்டறையில் வெள்ளைத் தாளை நோக்கிக் காட்டுங்கள். வெள்ளைத் தாளில் உள்ள வெளிர்ப்பான் ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். தாள் ஒளிர்ந்தால் கறுப்பு கசிகிறது. கசிந்தால் தாள் வகையை மாற்றி மையைக் கூட்டலாம். கறுப்பை மட்டும் அடிக்காமல் எல்லா நிறமும் கலந்த கறுப்பை அடித்துப் பார்க்கலாம். கலவையில் உள்ள மஞ்சள், ரூபிலித்தின் சிவப்பைப் போலவே நீலத்தை விழுங்கும் ஜாதி.

முருகன் முகம் போன்ற படங்களுக்குச் சாயல் வேண்டும். அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். பிரிண்டரின் சொந்த மென்பொருளிடம் சாம்பல் நிறத்தைக் கொடுத்தால் வலையால் பிடிக்க முடியாத பொடிப் புள்ளிகளாகத் தூவிவிடும். ரிப் வாங்கினால் புள்ளியின் அளவையும் கோணத்தையும் நாமே வைக்கலாம். துணிக்கு ஓர் அங்குலத்தில் 45 முதல் 55 வரி போதும், சென்டிமீட்டருக்கு 90 இழை கொண்ட வலையில். காசு இல்லாதவர்கள் போட்டோஷாப்பில் படத்தை பிட்மேப்பாக மாற்றும்போது ஹாஃப்டோனைத் தேர்ந்தால் அதே வேலை நடக்கும். எழுத்தையும் வளைவுகளாக மாற்றிவிட்டே ஃபிலிம் எடுக்க வேண்டும். முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே இங்கே தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது. ஆனாலும் ஒரு கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துரு இன்னொன்றில் இல்லாமல், குழுவின் பெயர் கட்டங்களாக அச்சாவது இன்றும் நடக்கிறது.

படத்தை ஃபிலிமில் அடித்துச் சூட்டால் சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், டிடிஎஃப் இயந்திரமாக மாற்றப்பட்டவற்றில் பல அதே எல்1800கள்தான். நிற மைகளோடு வெள்ளை மையும் ஏறியது. இருபது சட்டை, எட்டு நிறம் என்றால் அதுதான் வழி. முந்நூறு சட்டை, இரண்டு நிறம் என்றால் சட்டம் கட்டுவதே மலிவு. பத்துமலை வெயிலில் வியர்த்த முதுகில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிக்கொண்டிருப்பதைவிடத் துணியில் இறங்கிய மை சுகம். அப்படி அடிப்பவர்கள் ஆண்டு எண்ணை மட்டும் தனி ஃபிலிமில் எடுத்து, பெரிய ஃபிலிமில் அதற்கு இடம் விட்டு வைக்கிறார்கள். அடுத்த தைக்கு வேலும் பெயரும் உறையிலிருந்து வரும்; புதிதாக எடுக்க வேண்டியது நான்கு இலக்கம்.