நெய்யாறு இடதுகரைக் கால்வாய்: சீரமைப்பு நிதியைக் கேட்பது யார்?

திருவனந்தபுரம்: அகத்தியர் மலையில் பிறந்து பூவாறு அருகே அரபிக்கடலில் கலக்கும் நெய்யாற்றின் குறுக்கே 1950களில் அணை கட்டப்பட்டது. அந்த அணையின் இடதுகரைக் கால்வாய் இன்று இரு மாநிலங்களுக்கும் சுமையாகி நிற்கிறது. கேரளப் பகுதியில் முதுமையாலும், தமிழகப் பகுதியில் நீர் வராததாலும் கால்வாய் சிதைந்து வருகிறது. அதைச் சீரமைக்க நிதி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. யார் கேட்பது, எந்தத் தகுதியில் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

ஒரு திட்டம், இரு மாநிலங்கள்

திருவிதாங்கூர்-கொச்சி அரசு இத்திட்டத்தைத் தொடங்கியபோது, நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் இருந்தன. எனவே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளத் தனி ஒப்பந்தம் தேவைப்படவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அணையும் கால்வாயின் தலைப்பகுதியும் கேரளத்திலும், கடைமடை தமிழகத்திலும் அமைந்தன. விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கர் நிலம் இக்கால்வாயை நம்பியிருந்தது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த இந்த ஏற்பாடு 2004ல் முடிவுக்கு வந்தது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான நதி அல்ல என்றும், ஒப்பந்தம் இன்றித் தண்ணீர் தர இயலாது என்றும் கூறி கேரளம் நீரை நிறுத்தியது. 2012ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

நீரில்லாத கால்வாய்

தண்ணீர் ஓடாத கால்வாயைப் பராமரிக்க எந்த நிதித்துறையும் தாராளமாகப் பணம் ஒதுக்குவதில்லை. பராமரிப்பு நின்றதும் புதர் மண்டும், கரை சரியும், மதகுகள் துருப்பிடிக்கும், ஆக்கிரமிப்பும் தொடரும். நாளை தீர்ப்போ உடன்பாடோ கிடைத்துத் தண்ணீர் திறக்கப்பட்டாலும், வயல் வரை அதைக் கொண்டு செல்லக் கால்வாய் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு பழுதுபார்க்கலாம் என்று காத்திருப்பது, தண்ணீர் கேட்கும் வாதத்தையே வலுவிழக்கச் செய்யும்.

கேரள விவசாயிகளுக்கும் இதில் நட்டம் உண்டு. தலைப்பகுதியில் கசிவும் உடைப்பும் ஏற்பட்டால், எல்லைக்கு இப்பால் உள்ள கடைமடை வயல்களே முதலில் வறளும். 1970களில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெல் பரப்பு, இன்று சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. நெல் குறையக் குறைய, பாசனக் கால்வாய்க்காகக் குரல் கொடுப்போரும் குறைகின்றனர். அணை நீருக்கோ வேறு தேவைகள் கூடுகின்றன. 2017 கோடை வறட்சியில் திருவனந்தபுரம் நகரின் குடிநீருக்காக நெய்யாறு அணையிலிருந்து நீர் இறைத்து அனுப்ப வேண்டியிருந்தது.

தில்லியின் வாசலில்

பாசனம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. மத்திய நிதி வேண்டுமெனில் மாநில அரசுதான் விரிவான திட்ட அறிக்கையுடன் வர வேண்டும். பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தை 2026 வரை நீட்டித்து, ரூ.93,068 கோடி செலவில் செயல்படுத்த மத்திய அமைச்சரவை 2021 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. கால்வாய் நீரை வயல் வரை கொண்டு செல்லும் அமைப்புகளை நவீனப்படுத்த, ரூ.1,600 கோடியில் துணைத் திட்டம் ஒன்றுக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

ஆனால், பாசனத் திட்டங்களைப் பரிசீலிக்கும் மத்திய நீர்வள ஆணையம் மாநிலங்களுக்கிடையிலான நீர்ச் சிக்கலையும் கணக்கில் கொள்கிறது. தலைப்பகுதியைக் கேரளமும் கடைப்பகுதியைத் தமிழகமும் தனித்தனியே காட்டி நிதி கேட்டால், இரண்டுமே பாதிக் கால்வாய்க்கான கோரிக்கைகளாகவே இருக்கும்.

நதி யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். கால்வாயின் நிலையை இரு மாநிலப் பொறியாளர்களும் கூட்டாக ஆய்வு செய்து, தலை முதல் கடைமடை வரை ஒரே மதிப்பீடு தயாரிப்பதற்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வழக்கில் எத்தரப்பின் உரிமைக்கும் பாதகமின்றி என்ற நிபந்தனையுடன் இதைச் செய்ய இயலும். அந்த முதல் கடிதத்தை எழுதுவது திருவனந்தபுரமா, சென்னையா என்பதே விளவங்கோடு விவசாயிகள் இன்று எழுப்ப வேண்டிய கேள்வி.