இடைவேளைப் பதினைந்து நிமிடம் யாருக்கு?



கால்பந்தாட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்க்க அமர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கடந்துபோகிறது. ஒவ்வொரு பாதியும் 45 நிமிடம். நடுவே வரும் இடைவேளை 15 நிமிடத்திற்கு மிஞ்சலாகாது என்பது சர்வதேச விதி. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள். தகப்பன் கைபேசியை எடுக்கிறார். தாய் அடுக்களைக்கு விரைகிறார். பிள்ளைகள் விளம்பரங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். மைதானத்தில் ஓடியவர்கள் இளைப்பாறும் அந்த நேரத்திலும், ஓடாத நாம் அசையாமல் இருக்கிறோம்.

கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரத்திற்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்குக் கால்பந்து புதியதல்ல. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே இவ்வூர்களின் தமிழ்ப் பிள்ளைகள் கேரளத்தின் கால்பந்து ஆர்வத்தின் நடுவே வளர்ந்தவர்கள். இந்த வட்டத்தின் கடற்கரைக் கிராமமாகிய பொழியூர், சந்தோஷ் கோப்பைப் போட்டிகளுக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்திருக்கிறது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்த சிறுவர்களைக் கொண்ட ஊர் அது.

ஊரிலே முற்றம் இருந்தது. மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே வந்து கூடினார்கள். நகரத்து வாடகை வீட்டிலோ ஒரு கூடமும் ஒரு படுக்கையறையுமே உண்டு. வேலை முடிந்து பேருந்திலும் இரயிலிலும் நின்றுகொண்டே வீடு திரும்பும் தகப்பனிடம், "பிள்ளைகளோடு தினமும் ஒரு மணி நேரம் விளையாடுங்கள்" என்று சொன்னால் அவர் பெருமூச்சு விடுவார். அதனால் அநேக பிள்ளைகள் அறிந்திருப்பது தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் தகப்பனின் முதுகை மாத்திரமே. இது வருந்தத்தக்க நிலை. பிள்ளைப்பருவம் நமக்காகக் காத்திராது.

ஒரு மணி நேரம் கொடுக்க இயலாதவரும் பதினைந்து நிமிடம் கொடுக்க இயலும். இடைவேளைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நடுவரின் ஊதல் ஒலித்ததும் விளையாட்டைத் தொடங்கலாம். அணிகள் மைதானத்திற்குத் திரும்பியதும் நிறுத்தலாம். "அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார்" என்ற மனத்தாங்கல் எழ வழியில்லை. கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேறுகிறது. பிள்ளைகள் இதை நினைவில் வைப்பார்கள்.

உடல்நலத்திற்கும் இது உகந்தது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஓர் இடைவேளை அதில் கால் பங்கு. பெரியவர்களுக்கும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் குறைக்கும்படி அதே வழிகாட்டுதல் ஆலோசனை கூறுகிறது.

நேரத்தைப் பகிருதல்

முதல் இரண்டு நிமிடம் ஆயத்தம். தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிடுங்கள். டீப்பாயை ஓரமாக நகர்த்துங்கள். கண்ணாடிப் பொருட்களையும் சூடான பாத்திரங்களையும் அகற்றுங்கள். தரையில் ஈரமிருந்தால் துடைத்துவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் விளையாட்டு. கடைசி மூன்று நிமிடம் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பதற்கு. வயிறு நிறைய உண்டவுடன் ஓட வேண்டாம்.

எந்த விளையாட்டுகள்?

துணிப்பந்து: பழைய காலுறைகளைச் சுருட்டிக் கட்டினால் பந்து ஆயத்தம். ஊரில் தென்னங்குருத்தோலையில் பந்து முடைந்தவர்கள் அந்தக் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டு நாற்காலிகள் கோல் கம்பங்கள். ஆளுக்கு ஐந்து உதை. தகப்பன் முழங்காலில் நின்று கோல் காக்கட்டும். தம் முறை வரும்போது இடது காலால் மட்டும் உதைக்கட்டும். சிறியவருக்கும் பெரியவருக்கும் அப்போது போட்டி சமமாகும்.

பலூன்: பலூன் தரையைத் தொடாதபடி எல்லாரும் மாறிமாறித் தட்ட வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தட்டக்கூடாது. எத்தனை தட்டு என்று உரக்க எண்ணுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கையை மிஞ்சப் பாருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டாவும் பாட்டியும் நாற்காலியில் இருந்தபடியே இதில் சேரலாம். சத்தம் எழாததால் கீழ்வீட்டாருக்கும் தொந்தரவில்லை. உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்; அவை சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும்.

கல்லா மண்ணா: தரையில் பாய்களை விரித்துவிடுங்கள். பாய் கல், வெறுந்தரை மண். பிடிப்பவர் மண்ணைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் பாயில் நிற்க வேண்டும். நின்றபடியே சும்மா இராமல், தரையில் கால்வைத்து அவரைச் சீண்டி, அவர் தொடுமுன் பாய்க்குத் திரும்ப வேண்டும். பாய் வழுக்காதபடி அதன் ஓரங்களில் கனமான புத்தகங்களை வையுங்கள்.

நொண்டியும் கயிறு தாண்டுதலும்: இவை தரைத்தள வீட்டிற்கோ வெளிவாசலுக்கோ ஏற்றவை. கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மொட்டை மாடியில் பிள்ளைகளை ஓடவிட வேண்டாம். நொண்டியில் ஒருவருக்கு அரை நிமிடம் போதும். முழங்கால் வலியுள்ளவர்களும் இருதய நோய்க்கு மருந்து உண்பவர்களும் நடுவராக இருக்கட்டும். நடுவர் இல்லாமல் எந்த ஆட்டமும் இல்லையே!

விடுமுறையில் கொல்லயிலுக்குப் போகும்போது முற்றத்தில் கிளித்தட்டுக் கோடு போடுங்கள். மலையாளத்தில் இதைக் கிளியந்தட்டு என்பார்கள். ஓர் அணி கோடுகளைக் காக்க, மறு அணி கட்டங்களைக் கடந்துபோய்த் திரும்ப வேண்டும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் கூடினால்தான் இதற்கு ஆள் சேரும். நகரத்தில் வளரும் பிள்ளை தன் உறவுகளைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

எந்த ஆட்டம் ஏற்றது?

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு, அந்நாட்டுக் கோடைகால நேரப்படி இரவு 7.30 மணிக்கும், குளிர்காலத்தில் 8.30 மணிக்கும் வருகிறது. முன்னதன் இடைவேளை எட்டே கால் மணியளவில் வரும்; பிள்ளைகள் உறங்குமுன் விளையாட ஏற்ற வேளை. அமெரிக்கக் கண்டத்தில் நடைபெறும் ஆட்டங்களோ பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். அவற்றுக்காகப் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். மறுநாள் மாலை ஆட்டத்தின் சுருக்கத்தை ஒன்றாகப் பார்த்து, நடுவே நீங்களே ஓர் இடைவேளை விடுங்கள்.

2005 மே 25 அன்று இஸ்தான்புல் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், இடைவேளையின்போது லிவர்பூல் அணி 0-3 எனப் பின்தங்கியிருந்தது. திரும்பி வந்து ஆறு நிமிட இடைவெளியில் மூன்று கோல் அடித்துச் சமன் செய்து, பின்பு பெனால்டி உதைகளில் கோப்பையை வென்றது. குடும்பத்திலும், இதுவரை பிள்ளைகளுக்கு நேரம் கொடாமற்போன தகப்பனுக்கு இரண்டாம் பாதி மீதியிருக்கிறது.

ஆகவே வருகிற சனிக்கிழமை முதல் பாதி முடிந்ததும் கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். அடுக்களைக்குள் போகும் தாயையும் அழையுங்கள். தேநீர் பிறகு ஆகட்டும், பாத்திரங்களை எல்லாருமாகக் கழுவலாம். இரண்டாம் பாதியின் முதல் சில நிமிடங்களைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கோல் விழுந்தால் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டும். உங்கள் பிள்ளையின் ஏழு வயதை யாரும் திரும்பக் காட்டமாட்டார்கள்.