இருநூறு நிமிடங்களும் ஒரு முதலாண்டு மாணவியும்

அமெரிக்காவில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக, ஒரு பயிற்சியாளர் தன் அணிக்குள் பங்கிட்டுக் கொடுக்க இருப்பது 200 நிமிடங்கள்தான். முதல் ஐவர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினால், மிச்சமிருக்கும் 50 நிமிடத்துக்குப் பெஞ்சில் உள்ள அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவி, ஆறு மாதம் முன்புவரை தன் மாநிலத்திலேயே சிறந்த பள்ளி வீராங்கனையாக இருந்திருப்பார்.

ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே மிகச் சிறந்தவர்கள் ஒரே ஆண்டில் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் போய்விடுவதால் இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏவில் அமெரிக்க வீராங்கனை ஒருவர் தேர்வுக்கு வர, அந்த ஆண்டில் 22 வயதாக வேண்டும், அல்லது கல்லூரிப் படிப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். அதனால் நட்சத்திரங்களும் பெரும்பாலும் நான்காண்டு கல்லூரியிலேயே இருக்கிறார்கள். 18 வயதில் வந்து சேர்பவர் இடம்பிடிக்க வேண்டியது, மூன்று ஆண்டு உடற்பயிற்சியும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களும் கண்ட 22 வயதுக்காரரிடமிருந்து.

2021இல் இன்னொரு வழியும் திறந்தது. ஒரு கல்லூரியிலிருந்து வேறு கல்லூரிக்கு மாறுபவர் முன்புபோல ஓராண்டு ஆடாமல் இருக்கத் தேவையில்லை. ஓர் இடம் காலியானால், அதைப் பள்ளியிலிருந்து வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பயிற்சியாளருக்கு இல்லை. அனுபவசாலி ஒருவரை வேறு அணியிலிருந்து அழைத்துக்கொள்ளலாம். 38 ஆட்டங்களிலும் வென்று 2024இல் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்ற தென் கரோலினா அணியின் முதல் ஐவரில் கமீலா கர்டோசோ சிரகூஸிலிருந்தும், டி-ஹினா பாவ்பாவ் ஓரிகனிலிருந்தும் வந்தவர்கள்.

இவையெல்லாம் வெளிக்காரணங்கள். களத்துக்குள் இருக்கும் காரணம் தடுப்பாட்டம். புள்ளி எடுக்கும் திறமையைப் பள்ளியிலிருந்தே கொண்டுவந்துவிடலாம். தடுப்பாட்டத்தை அப்படிக் கொண்டுவர முடிவதில்லை. பள்ளியில் தன் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எதிரணி பலவீனமாக இருந்தால் அதுவும் பெரிய வேலையில்லை. கல்லூரியில் பந்து வலது மூலையில் இருக்கும்போது, இடது பக்கம் நிற்பவர் தன் ஆளை விட்டுவிட்டு வளையத்தின் பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து ஒருத்தி புகுந்து வந்தால் மறிக்க வேண்டியது அவர்தான். அவர் மறிக்கப் போன நொடியில், அவர் விட்டுவந்த ஆளை மூன்றாமவர் ஏற்க வேண்டும். மூன்றாமவர் விட்ட ஆளை நான்காமவர். இத்தனை நகர்வும் பந்து கை மாறிக் காற்றில் போகும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். கபடியில் சங்கிலி பிடிப்பவர்களில் ஒருவர் அரை நொடி தாமதித்தால் பாடிவருபவர் நழுவிவிடுவதைப் போல, இங்கும் ஒரு தாமதம் ஐந்து பேரின் உழைப்பையும் வீணாக்கும். எதிரணியில் மூன்று புள்ளி எடுக்கக்கூடிய ஒருத்தி தனியாக நிற்பாள்.

கூடவே வாயும் ஓயக்கூடாது. முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரர் வழியை அடைத்து நிற்க வருகிறார் என்பதைத் தோழிக்குக் கத்திச் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவிகள் தடுமாறும் முக்கியமான இடம் இது என்பது என் எண்ணம். அடுத்து என்ன செய்வது என்று மனம் யோசித்துக்கொண்டிருக்கும்போது வாய் அடைத்துவிடுகிறது. இதனால்தான் பெரிய அணிகள் பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்துகின்றன. உயரமும் வேகமும் கூடுதலாக உள்ளவர்களோடு தினமும் மோதும்போது முடிவெடுக்கும் நேரம் சுருங்குகிறது.

விதிவிலக்குகள் உண்டு. ஜூஜூ வாட்கின்ஸ் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தன் முதலாண்டிலேயே 920 புள்ளிகள் எடுத்தார். சாரா ஸ்ட்ராங் 2025 இறுதியாட்டத்தில் கனெக்டிகட்டுக்காக 24 புள்ளியும் 15 ரிபவுண்டும் குவித்தபோது முதலாண்டு மாணவிதான். ஆனால் பின்னாளில் டபிள்யூஎன்பிஏவின் மதிப்புமிக்க வீராங்கனை விருதை நான்கு முறை வென்ற ஏஜா வில்சனே, தென் கரோலினாவில் முதல் ஆண்டைப் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்துதான் ஆடினார். பயிற்சியாளர் டான் ஸ்டேலி அவருக்குக் காட்டிய அதே பொறுமையைப் பின்வந்தவர்களிடமும் காட்டினார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பெஞ்சில் இருப்பவருக்கு அந்தப் பொறுமை எவ்வளவு கடினம் என்பதை ஆட்டம் பார்ப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

2023இல் அதே அணிக்கு இருவர் சேர்ந்து வந்தார்கள். உள்ளூர்ப் பெண்ணான மிலேசியா ஃபுல்வைலி, முதல் ஆட்டத்திலேயே பாரிஸில் பந்தை முதுகுக்குப் பின்னால் சுழற்றி எடுத்த புள்ளியால் நாடெங்கும் பேசப்பட்டார். டெஸா ஜான்சன் அமைதியானவர். அயோவாவுக்கு எதிரான 2024 இறுதியாட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளிகள் எடுத்தார். ஃபுல்வைலி இரண்டாம் ஆண்டிலும் பெரும்பாலும் மாற்று வீராங்கனையாகவே ஆடினார். 2025இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார். ஜான்சன் தென் கரோலினாவிலேயே தொடர்ந்தார்.