மெனுவிடம் எதைக் கொடுக்கிறோம்?

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்தி முடித்ததும், டிகின்டரில் ஒரு சிறிய சாளரமாவது செய்ய வைப்பது என் வழக்கம். கறுப்புத் திரையையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், தாங்கள் எழுதிய மெனு விரிவதைக் கண்டால் இடைவேளைக்குக்கூட எழுந்து போவதில்லை.

அப்படித்தான் இரு மாணவிகள் மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு நிரல் எழுதினார்கள். மெனுவில் 'சேமி', 'அழி' என இரண்டு வரிகள். நிரலை ஓட்டியதும் சாளரம் வந்தது, கோப்பு காலி. "டீச்சர், நாங்க எதையுமே அழுத்தலை" என்றார்கள். உண்மைதான். நல்லவேளையாக மதிப்பெண்கள் தாளிலும் இருந்தன.

'கமாண்ட்' என்ற இடத்தில் அழி() என்று அடைப்புக்குறியோடு எழுதியிருந்தார்கள். அடைப்புக்குறி போட்டால் "இப்போதே செய்" என்று பொருள். மெனுவை உருவாக்கும்போதே அழிக்கும் வேலை நடந்துவிடும். மெனுவுக்குக் கிடைப்பது அந்த வேலையின் விடை மட்டுமே. இங்கே அது வெறுமை. அதனால் பிறகு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அழி என்று பெயரை மட்டும் கொடுத்தால், மெனு அதை வைத்துக்கொண்டு அழுத்தும்போது அழைக்கும். மணியடிப்பவரிடம் "நாலு மணிக்கு அடிங்க" என்று சொல்லி வைப்பதற்கும் "அடிங்க" என்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

இதைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த பிழைதான் பொல்லாதது, ஏனெனில் பிழைச்செய்தியே வராது.

அ, ஆ, இ என மூன்று பிரிவுகள். ஒரே இனக்குழுவின் மூன்று பொருள்கள். ஒரு மடக்கில், பிரிவு என்ற மாறியைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெனு வரி. லாம்டாவுக்குள் பிரிவு.சேமி() என எழுதினால், எந்த வரியை அழுத்தினாலும் 'இ' பிரிவே சேமிக்கப்படும். லாம்டா அந்த மாறியின் மதிப்பைப் பார்ப்பது அழுத்தும் நேரத்தில். அப்போது மடக்கு முடிந்து, மாறியில் கடைசிப் பொருள்தான் இருக்கும். லாம்டா இல்லாமல் பிரிவு.சேமி என்று மட்டும் கொடுத்தால் போதும். அந்த நொடியில் மாறியில் இருக்கும் பொருளும் அதன் செயற்கூறும் ஒன்றாகக் கட்டப்பட்டு மெனுவிடம் போய்விடும்.

இப்போதெல்லாம் மெனு எழுதும் முதல் நாளில் 'அழி', 'சேமி' எதற்குள்ளும் உண்மையான வேலையை எழுத விடுவதில்லை. பிரிவின் பெயரை அச்சிடும் ஒரு வரி மட்டுமே. சாளரம் திறக்கும்போதே பெயர்கள் வந்து விழுந்தால் முதல் பிழை. எதை அழுத்தினாலும் 'இ' என்றே வந்தால் இரண்டாவது.